மதுரைக்காரன் காவல்

கருத்தக்கண்ணன் தன் ஜோடிக் காளைகளை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கின சங்கதி, அவன் பெண்டாட்டி ராக்கம்மாளுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எதிர்வீட்டு மொக்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் எந்த உலையில் எத்தனை அரிசி வேகிறது என்பது மொக்கம்மாளுக்குத் தெரிந்த பிறகுதான் உலை வைத்தவளுக்கே தெரியும். சாணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏத்தா ராக்கு, ஒன் மாடு ரெண்டும் போயி ஒரு இரும்புக் கெடா வருதாம்லடி, தெரியுமா?"

"எவ சொன்னா?"

"எவ சொன்னா என்ன. அந்தா பாரு, வருது."

வந்தது. ஆனால் அது தானாக வரவில்லை. வாங்கினவனுக்கு ஓட்டத் தெரியாதே. ஒரு மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, மோட்டார் சைக்கிளைப் படுக்கப்போட்டு, மேலே கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். வண்டியை இழுத்து வந்தவை அவன் விற்ற அதே காளைகள். வாங்கின ஜெயமங்கலத்துக்காரன் போனால் போகிறதென்று இந்த ஒரு நடைக்கு இரவல் கொடுத்திருந்தான். வீடு தெரிந்ததும் மயிலைக்காளை தொழுவத்துக்குள் போகப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்து நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. ராக்கம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கருத்தக்கண்ணனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கிற அந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டிப் பிழைப்பு. கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப் போய், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார்கள். உலகச் சண்டை முடிந்ததும் லாரிகள் வந்துவிட்டன. மாடு மூன்று நாள் ஏறுகிற மலையை லாரி அரை நாளில் ஏறி, இறங்கியும் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் மலை மேலே எஸ்டேட் துரை ஒரு ஆள் தேடினார். கம்பத்துக்கும் எஸ்டேட்டுக்கும் தபாலும் தந்தியும் கொண்டுபோக வேண்டும். சொந்தமாக மோட்டார் சைக்கிள், கையில் லைசென்ஸ், அதோடு இந்த வருஷம் புதிதாக வந்த சட்டப்படி இன்சூரன்ஸ். மூன்றும் இருந்தால் தை ஒன்றாம் தேதி வேலை. இல்லாவிட்டால் காஞ்சிரப்பள்ளிக்காரன் ஒருத்தன் காத்திருந்தான்.

பட்டாளத்தில் கழித்துப் போட்ட வண்டி அது. பாசி நிறத்தில் பெயிண்ட். தொழுவத்தில் காளை நின்ற இடத்தில் அதை நிறுத்தினான். இரண்டாம் நாளே கோழி ஒன்று அதன் பின்பக்கப் பெட்டிக்குள் முட்டையிட்டது. வண்டி உபயோகமாக இருக்கிறது என்று மொக்கம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஓட்டப் பழக வேண்டுமே. கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்புமாகச் சாப்பிடுகையில் அந்தப் பேச்சு வந்தது.

"மதுரையில ஒரு பள்ளிக்கூடம் இருக்காம். போர்டுல படம் போட்டு, எஞ்சின் வகுத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு காட்டி, ஒரு மாசம் சொல்லித் தர்றாகளாம். முடிச்சாக் காயிதம் குடுப்பாக."

"ஒரு மாசம் எங்கன தங்குவீக மச்சான்?"

"சத்திரத்துல."

"கஞ்சி?"

"கிளப்புக்கடையில."

"அப்ப நான்?"

"இங்கன."

"நல்ல ஏற்பாடு. தேனியில யாருமில்லையாக்கும்?"

"ஞானசிகாமணின்னு ஒருத்தரு இருக்காரு. பட்டாளத்துல தபால் வண்டி ஓட்டினவரு. பர்மாவுல குண்டு விழுகையிலயும் ஓட்டினாராம். பத்து நாளு. அவரு கொட்டகையிலயே படுத்துக்கலாம். படம் கெடையாது, காயிதம் கெடையாது. அடி உண்டு."

"அடியா?"

"தப்புப் பண்ணினாப் புளிய விளாறால கெண்டைக்கால்ல போடுவாராம்."

ராக்கம்மாள் களி உருண்டையைக் குழம்பில் முக்கி விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அவருகிட்டயே போங்க. ஒங்களுக்குப் படம் ஏறாது."

ஐப்பசி மழையில் கருத்தக்கண்ணன் தேனிக்குப் போனான். ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, ராக்கம்மாள் மறுநாள் சந்தைக்கு விற்க மொச்சை மூட்டையும் அவனுக்குப் புளிச்சோறும் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் போய் இறங்கினாள். சந்தை கூடாத நாளென்பதால் மைதானம் காலியாக, சேறும் குட்டையுமாகக் கிடந்தது. நடுவில் புருஷன் வண்டியோடு விழுந்துகொண்டிருந்தான். விழுந்தான் என்று சொன்னால் போதாது. எழுந்து, ஏறி, பத்தடி போய், மறுபடி விழுந்தான். அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் விளாறோடு பின்னாலேயே ஓடி, விழுந்த இடத்தில் ஒன்று வைத்தார்.

"ஏன்டா, குட்டையைக் கண்டா எதுக்குக் கண்ணை மூடுற? மூடினா குட்டை போயிருமா?"

"மாடா இருந்தா அதுவே ஒதுங்கிரும் வாத்தியாரே."

"இது மாடில்ல. ஆளைக் கண்டா நிக்கிறதுக்கு இதுக்கு ஈரல் கெடையாது. நீதான் நிறுத்தணும். நிறுத்த மனசில்லாதவன் இதுல ஏறப்படாது. ஏறு."

கருத்தக்கண்ணனின் வலது கெண்டைக்காலில், சூட்டுக்குழாய் பட்டு, தோசைக்கரண்டி அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. இரண்டு முழங்கையிலும் எலும்பு தெரிந்தது. ராக்கம்மாள் வாழைமட்டையைப் பிழிந்து சாறு விட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் காளைகள் போனதற்கு அவளுக்கு மனசு ஆறியது.

சாப்பிடும்போது ஞானசிகாமணி இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு தினுசு இருக்குத் தாயி. வெலை கூடினது ஒண்ணு, வெலை கொறைஞ்சது ஒண்ணு. கூடினதுல வண்டி களவு போனாலும், ஒடைஞ்சாலும், எரிஞ்சாலும் மதுரைக் கம்பெனிக்காரன் குடுத்துருவான். கொறைஞ்சதுல ஒன் வண்டிக்குச் சல்லி கெடையாது. நீ யாரையாச்சும் இடிச்சுப்புட்டீன்னா, அடிபட்டவனுக்குக் குடுப்பான். சட்டத்துக்கு அது போதும்."

"கொறைஞ்சதே போதும்" என்றான் கருத்தக்கண்ணன். "வண்டி களவு போறதுக்கா? என் மாமனாரு இருக்கையிலயா?"

ராக்கம்மாள் அப்போது ஒன்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "வருசத்துக்கு ஒருக்காக் கூலி வாங்குறாக. சேதம்னாத் திருப்பிக் குடுக்குறாக. இது எங்க அய்யா பாக்குற காவல்தான வாத்தியாரே?"

வாத்தியார் யோசித்தார். "ஒரு வகையில அப்படித்தான்" என்றார். அவர் பர்மாவைப் பார்த்தவர். அவள் ஊரைப் பார்த்ததில்லை.

அவள் அய்யா சுருளியாண்டி அந்த ஊருக்குக் காவல்காரர். அடிக்கிற களத்தில் ஏருக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளப்பார்கள். அதற்குப் பதிலாக, ஊர் எல்லைக்குள் ஆடு மாடு களவு போனால் மூன்றாம் நாளுக்குள் தடம் பார்த்துக் கண்டுபிடித்துக் கட்டுவார். கிடைக்காவிட்டால் தன் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக் கொடுப்பார். முப்பது வருஷத்தில் இரண்டு உருப்படிக்குத்தான் அப்படிக் கொடுக்க நேர்ந்தது. அந்த இரண்டு களவாணிகளில் ஒருத்தனுக்குப் பிற்பாடு கை இல்லை என்றும், இன்னொருத்தனே பிற்பாடு இல்லை என்றும் சொல்வார்கள். இந்தக் காவலில் இன்னொரு முறையும் உண்டு. ஒருவர் காவலில் இருக்கிற வீடு வேறொருவன் காவலுக்குப் போனால், பழைய காவல்காரர் சும்மா இருக்க மாட்டார். அந்த வீட்டில் கை வைத்துக் காட்டுவார். புதியவன் வந்து கேட்க வேண்டும். கேட்டு ஜெயித்தால் காவல் அவனுக்கு. வராவிட்டால் அந்த வீட்டுக்கு ஊரில் மரியாதை இல்லை.

இதெல்லாம் மற்ற யாரையும்விட ராக்கம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் ஊர் திரும்பிய மறுநாள், வாய்க்கால் கல்லில் சேலையை அடித்துக்கொண்டே மொக்கம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள்.

"வண்டிக்கு மதுரையிலேருந்து காவல் வாங்குறோம்."

மொக்கம்மாள் துணியை அலசக்கூட இல்லை. அப்படியே பிழிந்துகொண்டு கிளம்பினாள்.

சுருளியாண்டி உடனே வரவில்லை. லைசென்ஸ் வந்து, இன்சூரன்ஸ் காகிதம் வந்து, கருத்தக்கண்ணன் தெருவில் ஓட்டிக்காட்டி, நாய்கள் குரைத்து ஓய்ந்து, கார்த்திகை முடிகிற சமயத்தில் வந்தார். கூடவே மகன் சின்னக்கருப்பு. ராக்கம்மாளுக்கு நாலு வயசு இளையவன், தாய் செத்த வீட்டில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

"அய்யா, வாங்க. மோரு தரவா?"

"தாகமில்லத்தா." மருமகனைப் பார்த்தார். "என்ன மாப்ள, களத்துல எனக்கு நெல்லு அளக்கலையாம்?"

"மாடு இல்ல மாமா. ஏரு இல்ல. எதுக்கு அளக்க?"

"மாடு இல்லேன்னா விடு. வண்டிக்கு அளந்திருக்கியாம்ல, மதுரைக்காரனுக்கு?"

"அது சட்டம் மாமா. இன்சூரன்சு."

"காவல்னு ஒன் பெண்டாட்டி சொன்னாளாம். என் மக பொய் சொல்ல மாட்டா."

ராக்கம்மாள், "அய்யா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு…" என்று ஆரம்பித்தாள்.

கருத்தக்கண்ணன் விட்டிருந்தால் அவள் சொல்லி முடித்திருப்பாள். புது லைசென்ஸ் மடியில் இருக்கிறவனுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது?

"காவல்னே வச்சுக்கங்க மாமா. காலம் மாறிப்போச்சு. நீங்க மாட்டுச் சாணியில தடம் பாக்குற ஆளு. இந்த வண்டிக்குத் தடமும் தெரியாது, சாணியும் கெடையாது. ஒங்களால இதைக் காக்க முடியுமா?"

சின்னக்கருப்பு பாய்ந்தான். சுருளியாண்டி ஒரு கையால் அவனைத் தடுத்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"காலம் மாறட்டும் மாப்ள. மொறை மாறல. இன்னையிலேருந்து மூணாம் நாளு ஒன் வண்டி மேல கை வைப்பேன். ஒன் மதுரைக்காரனை வரச் சொல்லு."

"வைங்க பாப்போம்."

"அய்யா!" என்று ராக்கம்மாள் காலைப் பிடித்தாள். "அது காவல் இல்லய்யா, நாந்தான் கூறுகெட்டுச் சொல்லிப்புட்டேன்."

"நீ சொன்னது ஊருக்கே தெரிஞ்சுபோச்சுத்தா. இனி அதை நீ முழுங்க முடியாது."

அடுத்த இரண்டு நாளும் அவள் புருஷனிடம் மன்றாடினாள். வண்டியைக் கம்பத்தில் கொண்டுபோய் விடுங்கள், அய்யா காலில் ஒருதரம் விழுந்துவிடுங்கள், நெல்லைக் கடனுக்காவது வாங்கி அளந்துவிடுங்கள் என்றாள். அவன் கேட்கவில்லை. வயசாளி வாய்ச்சவடால் என்றான். மூன்றாம் நாள் காலையில், பெட்ரோல் கூப்பன் வாங்க உத்தமபாளையத்துக்கு நடந்தே போய்விட்டான். வண்டி நின்றால் பயந்து ஓடினதாகாது, ஓட்டிப் போனால்தான் பயந்ததாகும் என்று அவனுக்கு ஒரு நியாயம்.

நண்பகல். மார்கழி வெயில் இதமாக அடித்தது. தெருவில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. சுருளியாண்டியும் சின்னக்கருப்பும் வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை, ஒருவன் இடுப்பில் அரிவாள். ஊரே கூடவே வந்தது. வேலை வெட்டி என்று சொன்னவர்களும் வந்தார்கள். மொக்கம்மாள் நல்ல இடமாகப் பார்த்து, வெங்காயக் குவியல் மேலேயே ஏறி நின்றுகொண்டாள்.

ராக்கம்மாள் தொழுவத்து வாசலில் கையை விரித்து மறித்தாள்.

"என்னக் கொன்னுட்டு உள்ள போங்க."

"ஏலே, அக்காளை ஒதுக்குடா" என்றார் சுருளியாண்டி.

சின்னக்கருப்பு ஒதுக்கத்தான் பார்த்தான். அவள் அவன் புஜத்தைக் கடித்தாள். அவன் வலியில் உதறின கை அவள் முகத்தில் விழுந்தது. முன்பல் ஒன்று தெறித்து வாசலில் விழுந்தது. வாய் நிறைய ரத்தத்தோடு அவள் சுவரோரம் சரிந்தாள். அவனே ஒரு நொடி திகைத்து நின்றான். அதற்குள் இரும்பு மேல் இரும்பு விழுந்தது.

முதல் அடியில் விளக்கு போனது. இரண்டாவதில் பெட்ரோல் டாங்கி குழிந்தது. வண்டியைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, சீட்டை அரிவாளால் கிழித்து, உள்ளே இருந்த தேங்காய் நாரை ஊருக்குக் காட்டினார்கள். அடி ஒவ்வொன்றுக்கும் சுருளியாண்டி கிழக்கே திரும்பிக் கூப்பிட்டார்.

"மதுரைக்காரா! வாய்யா! வந்து கேளுய்யா!"

மதுரைக்காரன் வரவில்லை. கருத்தக்கண்ணன் வந்தான்.

வழியிலேயே சேதி கேட்டு ஓடி வந்திருந்தான். மேல்சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முதலில் வண்டியைப் பார்த்தான். பிறகு சுவரோரத்தில் பெண்டாட்டியின் வாயைப் பார்த்தான். வண்டியை நிமிர்த்தி, மண்ணைக்கூடத் தட்டாமல் ஏறி உதைத்தான். பட்டாளத்து வண்டி, இதைவிட மோசமான அடியைப் பார்த்திருக்கும். இரண்டாம் உதைக்கு உயிர் வந்தது. கூட்டம் விலகி ஓடியது. அவன் தெருக்கோடி வரை போனான். எல்லாரும் அவன் தப்பி ஓடுகிறான் என்றே நினைத்தார்கள். அங்கே வட்டம் அடித்துத் திரும்பினான்.

நடுத்தெருவில் சுருளியாண்டி நின்றார். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு நின்றார்.

"அய்யா, விலகுங்க!" என்று ராக்கம்மாள் கத்தினாள். "மச்சான், நிறுத்துங்க!"

ஒருவர் விலகவில்லை. ஒருவன் நிறுத்தவில்லை. கண்ணை மூடாமல் ஓட்டக் கற்றிருந்தான். அதைப் பர்மா வாத்தியார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பாரோ என்னவோ.

கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டியும் இரண்டு ஆட்களும் ஒரே குவியலாக வெங்காயத்துக்குள் போய் விழுந்தார்கள். சுருளியாண்டியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கத்தினது சின்னக்கருப்பு. கத்திக்கொண்டே அரிவாளை ஓங்கி வந்து, தடுமாறி எழுந்த கருத்தக்கண்ணனின் இடது தோளில் இறக்கினான். தோள்பட்டை பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது. இரண்டாம் வெட்டுக்குக் கழுத்தைப் பார்த்து ஓங்கினான்.

அது இறங்கவில்லை. ராக்கம்மாள் கீழே கிடந்த கடப்பாரையை இரண்டு கையாலும் எடுத்துச் சுழற்றினாள். தம்பியின் வலது மணிக்கட்டு மடங்கியது. அரிவாள் மொக்கம்மாளின் காலடியில் போய் விழுந்தது. ஆத்தா செத்த அன்றைக்குப் பால் கேட்டு அழுத அதே குரலில் அவன் "அக்கா" என்றான். அவள் கடப்பாரையைக் கீழே போடவில்லை.

"இன்னொரு எட்டு வச்சேன்னா மண்டைதான்டா."

சுருளியாண்டியின் காலை டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கருத்தக்கண்ணன் தோளில் பதினேழு தையல். கை இருந்தது, விரல் மட்டும் மடங்க மறுத்தது. சின்னக்கருப்புக்கு எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தை முடியட்டும் என்றார். விசாரிக்க வந்த ஏட்டையாவிடம் மூன்று பேருமே விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"ஊரே ஒரே நாள்ல விழுந்திருக்கு" என்றார் அவர். "ஒருத்தன் அரிவா மேல, ஒருத்தன் கை மேல. பெரியவரு மட்டும் எதுக்கு மேல விழுந்தாராம்?"

ராக்கம்மாளை ஞானசிகாமணி தேடி வந்தார். வளைந்த கைப்பிடியைத் தன் முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்.

"எல்லாம் ஒன் அப்பாரு வாயிலதான் இருக்கு தாயி. கவனப்பிசகுன்னு சொன்னார்னா வழக்கு சின்னது, கம்பெனி அவருக்குப் பணம் குடுக்கும். வேணும்னே ஏத்துனான்னு சொன்னார்னா, ஒன் புருசனுக்கு ஆறு வருசமோ எட்டு வருசமோ. லைசென்சும் போயிரும்."

கம்பெனி ஆள் பன்னிரண்டாம் நாள் வந்தார். கறுப்புக் கோட்டு, குடை, தோல்பை. ஏட்டையாவும் கூட வந்தார். சுருளியாண்டி தன் வீட்டில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். துப்பட்டிக்கு அடியில் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. யாரும் கூப்பிடாமலே ராக்கம்மாள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னக்கருப்பு அவளைப் பார்த்துத் துப்பினான்.

சுருளியாண்டி கம்பெனி ஆளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"மதுரைக் காவக்காரன் நீருதானா?"

"நான் கம்பெனி இன்ஸ்பெக்டர், பெரியவரே."

"நான் கூப்புட்டுப் பன்னெண்டு நாளாச்சு. நானா இருந்தா மூணாம் நாளு வந்திருப்பேன். போகட்டும். தடம் பாப்பீரா?"

"என்ன தடம்?"

"களவாணி தடம்."

"அதெல்லாம் போலீசு பார்த்துக்கும்."

"களவாணிய அடிப்பீரா?"

"ஐயையோ."

"பின்ன என்னத்தத்தான் காக்குறீரு?"

கம்பெனி ஆள் குடையை ஓரமாகச் சாத்திவிட்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "நாங்க எதையும் காக்கிறதில்லை. உங்க மருமகன் எடுத்திருக்கிறது சாதா பாலிசி. அவர் வண்டி உடைஞ்சாலோ களவு போனாலோ எங்களுக்குச் சம்பந்தமே இல்லை. அந்த வண்டியால வேற யாருக்காவது அடிபட்டா, அவங்களுக்கு நாங்க பணம் கொடுப்போம்."

"அடிபட்டவகன்னா?"

"இப்ப நீங்கதான்."

சுருளியாண்டி முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தார்.

"அந்தக் காயிதம்… எனக்காகவா?"

"ஆமாம். உங்களை மாதிரி தெருவுல நடக்கிறவங்களுக்காகத்தான்."

காலை எடுத்தபோதுகூட அய்யாவின் முகம் அப்படிப் போனதை ராக்கம்மாள் பார்த்ததில்லை. தெருவில் நடக்கிறவன். முப்பது வருஷம் ஊரைக் காத்த மனிதருக்கு, அவருக்கே தெரியாமல், குடை பிடித்த ஒருவர் காவலாக இருந்திருக்கிறார். அவர் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு இது தெரியுமாடி?"

"வாத்தியாரு தேனியிலயே சொன்னாரு அய்யா. நாந்தான் பெருமைக்கு மாத்திச் சொல்லிப்புட்டேன்."

"ம்."

ஏட்டையா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். கம்பெனி ஆள் கேட்டார்: "நடந்ததைச் சொல்லுங்க. கவனமில்லாம வந்து மோதினாரா? இல்லை, வேணும்னே மோதினாரா?"

"வேணும்னேதான்னு சொல்லுங்கய்யா!" என்று சின்னக்கருப்பு சத்தம் போட்டான்.

"நீ வாயை மூடு." சுருளியாண்டி கூரையைப் பார்த்தார். "வண்டி வந்துச்சு. நல்லாப் பாத்தேன். விலக நேரம் இருந்துச்சு. நான் விலகல."

"ஏன் விலகலை?"

"என் எல்லையில எவனுக்கும் நான் விலகுனதில்ல."

"அப்படின்னா தப்பு உங்க பேர்ல வருமே. பணம் கிடைக்காதே, பெரியவரே."

"எங்காலு, நான் வச்ச எடம். அதுக்கு ஒம்ம காசு எதுக்கு? எழுதிக்கிட்டுப் போம்."

கம்பெனி ஆள் இதைவிட வேகமாக எதையும் எழுதியிருக்க மாட்டார். பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். அவர்கள் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போன பிறகு, ராக்கம்மாள் ஓடிவந்து கட்டிலின் கீழ்ப்பக்கம் விழுந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு கைக்குத்தான் பாதம் கிடைத்தது.

"அய்யா, எங்குடியக் காப்பாத்திட்டீக."

"எந்திரி." அவர் பாதத்தை இழுத்துக்கொண்டார். "மன்னிச்சேன்னு நெனச்சியா? அவனைப் போலீசுல புடிச்சுக் குடுத்தா எட்டு வருசம் செவுத்துக்குள்ள பத்திரமா இருப்பான். சர்க்காரு சோறு, சர்க்காரு காவல். அதுக்கா நான் கால் குடுத்தேன்?"

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னையோட ஒன் வீட்டு மேல இருந்த என் காவல எடுத்துட்டேன். களவு போனாலும் கேக்க மாட்டேன், கொலை போனாலும் கேக்க மாட்டேன். ஏலே கருப்பு, கைக்கட்டு எப்ப அவுக்கணும்னு சொன்னான் வைத்தியன்?"

"தை கடைசியில."

"கேட்டுக்கிட்டியாத்தா? அதுவரைக்கும் இரு. போ."

தை ஒன்றாம் தேதி. வாசல்தோறும் பொங்கல் பானை ஏறியிருந்தது. அந்தத் தெருவில் ஒரு வாசலில் மட்டும் அடுப்பு இல்லை. எஸ்டேட்டுக்குப் புறப்பட வண்டி நின்றது. துணி மூட்டையும் ஒரு செம்பும் பின்னால் கட்டியிருந்தன. கருத்தக்கண்ணனுக்கு வலது கை சரி. இடது கையை நீட்ட முடிந்தது, பிடிக்க முடியவில்லை. இடது கைப்பிடியில் இருக்கிற கிளச்சு இரும்பை இழுக்காமல் வண்டி கியர் மாறாது.

"பின்னால ஏறி, என் கைக்கு அடியில ஒன் கையைக் குடு" என்றான். "பிடின்னா இழு. விடுன்னா மெல்ல விடு. பட்டுன்னு விட்டா வண்டி எகிறிப் பாஞ்சு ரெண்டு பேரும் வாய்க்கால்ல கெடப்போம்."

ராக்கம்மாள் சேலையைக் கெண்டைக்கால் வரை வழித்துச் சொருகி, ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். புருஷனின் முதுகில் மாரை அழுத்தி, அவன் கக்கத்துக்கு அடியில் கையை விட்டு இரும்பைப் பிடித்தாள். பொங்கல் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒரு கால் போனதும், ஒரு கை ஒடிந்ததும், ஒரு தோள் பிளந்ததும் பத்து நாள் பேச்சு. ராக்கம்மாள் கால் விரித்து உட்கார்ந்தது மூன்று வருஷப் பேச்சு.

"அடியே, வெக்கமில்லையாடி?" என்று மொக்கம்மாள் கத்தினாள். கத்தினவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அடுப்புப் புகை என்று பின்னால் சொல்லிக்கொண்டாள்.

"பிடி" என்றான். இழுத்தாள். "விடு" என்றான். விட்டாள். வண்டி உலுக்கிக்கொண்டு நகர்ந்தது.

ஊர் எல்லையில் வாய்க்கால் பாலம். அதற்கப்பால் ரோடு, கம்பம், மலை, திருவிதாங்கூர் சீமை. பாலம் குறுகல் என்பதால் அவன் வேகத்தைக் குறைத்து "பிடி" என்றான். பிடித்துக்கொண்டே ராக்கம்மாள் இடது பக்கம் பார்த்தாள்.

அய்யாவின் வாழைத்தோட்டம். சின்னக்கருப்பு நின்றான். வலது கையில் மூங்கில் கட்டு. இடது கையில் அரிவாள். அவனைச் சுற்றி முப்பது நாற்பது வாழைகள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. தூரத்தில் கிடந்தவற்றில் வெட்டு கோணல்மாணலாக, நாலைந்து இடத்தில் கொத்தியிருந்தது. கிட்டத்தில் கிடந்தவற்றில் ஒரே வெட்டு. தை முடியட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை.

அவன் நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான். அரிவாளை மாற்றிப் பிடிக்காமல் அப்படியே பாலத்துக்கு ஓடி வரத் தொடங்கினான்.

கருத்தக்கண்ணன் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். விடு என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் ராக்கம்மாள் பட்டென்று விட்டாள்.